ஃபுட்டிங்கின் அடியில் ஊற்றிய கூழ்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது, வரைபடத்தில் குறித்த ஆழத்தில் நல்ல மண் கிடைக்காமல் போவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஒன்றரை மீட்டரில் கெட்டி மண் வரும் என்று மண் ஆய்வறிக்கை சொல்லியிருக்கும். தோண்டிப் பார்த்தால் பழைய கட்டட இடிபாடும் செங்கல் துண்டுகளும் கறுத்த சேறுமாக இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான். கெட்டி மண் வரை தோண்டி ஃபுட்டிங்கையே (சுமையை மண்ணுக்கு இறக்கும் அகலமான அடித்தளத்தையே) அங்கே இறக்கிவிடுவதா, அல்லது கெட்டி மண் வரை தோண்டிய குழியை வேறு எதையாவது கொண்டு நிரப்பி, ஃபுட்டிங்கைப் பழைய மட்டத்திலேயே வைப்பதா?

நிரப்புவது என்று முடிவானால், வழக்கமாகக் கையில் இருப்பவை இரண்டு வழிகள். நல்ல மண்ணையோ ஜல்லிக் கலவையையோ அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடித்துக் கெட்டிப்படுத்துவது முதல் வழி. சிமெண்டு குறைந்த சாதாரணக் கான்கிரீட்டைப் போட்டு மட்டத்துக்குக் கொண்டுவருவது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது; கூழாக ஊற்றினால் தானே பாய்ந்து நிறைந்து இறுகும் நிரப்பி; அதைத்தான் ‘ஃப்ளோவபிள் ஃபில்’ என்கிறோம். குழாய்ப் பள்ளங்களை மூடுவதற்கும், பயன்படாத நிலத்தடித் தொட்டிகளை அடைப்பதற்கும் இதைப் பயன்படுத்தப் பலர் தயங்குவதில்லை. அதையே ஒரு தூணின் ஃபுட்டிங்குக்கு அடியில், கட்டடத்தின் சுமையைத் தாங்கும் பொருளாக வைக்கலாம் என்று சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். “கூழின் மேல் கட்டடம் கட்டச் சொல்கிறீர்களா?” என்று ஒரு முறை என்னிடம் நேரடியாகவே கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மணல், கொஞ்சம் சிமெண்டு, பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல், நிறையத் தண்ணீர்: இவ்வளவுதான். ஒரு கன மீட்டர் சாதாரணக் கான்கிரீட்டில் 300 கிலோவுக்கு மேல் சிமெண்டு போடுவோம் என்றால், இதில் 30 கிலோ முதல் 120 கிலோ வரை போதும். தண்ணீரோ 200 கிலோவில் தொடங்கி 300 கிலோவையும் தாண்டும். இறுகிய பிறகு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,850 முதல் 2,300 கிலோ வரை எடை இருக்கும். காற்றுக்குமிழ் சேர்த்தால் இதைவிடக் குறையும். அமெரிக்கக் கான்கிரீட் கழகம் இதற்குச் சூட்டியிருக்கும் முறையான பெயரைத் தமிழில் ‘கட்டுப்படுத்தப்பட்ட குறைவலிமைப் பொருள்’ என்று சொல்லலாம். 28 நாள் அழுத்த வலிமை (ஊற்றிய 28ஆம் நாளில் நொறுங்காமல் தாங்கும் அழுத்தம்) 8.3 மெகாபாஸ்கலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் வரையறை. இந்தப் பெயரில் உள்ள ‘கட்டுப்படுத்தப்பட்ட’ என்ற சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. வலிமை குறைவாக இருப்பது இதன் குறைபாடு அன்று. வேண்டுமென்றே அந்த அளவில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

இதற்கு நீண்ட வரலாறும் உண்டு. 1964ஆம் ஆண்டு, டெக்சாஸ் மாநிலத்தில் ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கனேடியன் ஆற்று நீர்க்குழாய்த் திட்டத்தில், குழாய்களுக்கு அடியில் படுகையாக மண்ணும் சிமெண்டும் தண்ணீரும் கலந்த குழம்பை அமெரிக்க நீர்வளச் சீரமைப்புத் துறை பயன்படுத்தியது. குழாயின் வளைந்த அடிப்பக்கத்தில் திமிசு எட்டாது. குழம்பு தானாகவே போய் நிறையும். இன்றும் இந்தப் பொருளின் தலையாய குணம் அதுதான்: மனிதக் கையும் இயந்திரமும் எட்டாத இடத்துக்கு, யாரும் தள்ளாமலேயே போய்ச் சேர்ந்து, தானே மட்டமாகி, அதிர்வூட்டியோ திமிசோ இல்லாமல் இறுகிவிடும்.

இப்போது அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். அழுத்த வலிமை 1 மெகாபாஸ்கல் என்று கேட்டவுடன், 20, 25 என்று கான்கிரீட் எண்களிலேயே பழகிப்போன மனம் ‘இது ஒன்றுக்கும் உதவாது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் ஃபுட்டிங்குக்கு அடியில் இருப்பதைக் கான்கிரீட்டோடு ஒப்பிடுவதே தவறு. மண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு மெகாபாஸ்கல் என்பது 1,000 கிலோபாஸ்கல். நாம் மண்ணின் மேல் அனுமதிக்கும் தாங்குதிறனோ பெரும்பாலும் 100 முதல் 250 கிலோபாஸ்கலுக்குள் அடங்கிவிடுகிறது. வெறும் 0.3 முதல் 0.7 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கலவையே நன்றாகக் கெட்டிப்படுத்திய மண்ணுக்கு நிகராகக் கருதப்படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தூணின் சுமை 600 கிலோநியூட்டன். ஃபுட்டிங் 2 மீட்டருக்கு 2 மீட்டர். அடியில் வரும் அழுத்தம் 150 கிலோபாஸ்கல். ஃபுட்டிங் மட்டத்துக்குக் கீழே 1.2 மீட்டர் ஆழத்துக்கு உதிரி மண் இருக்கிறது. அதை முழுவதும் எடுத்துவிட்டு, 28 நாளில் 1 மெகாபாஸ்கல் வரும் கலவையை ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிரப்பியின் மேல் வருவது 150, அதன் வலிமை 1,000. கிட்டத்தட்ட ஏழு மடங்கு இடைவெளி. நிரப்பியே நசுங்குவதால் வரும் அமிழ்வு எவ்வளவு? அதன் மீள்திறன் குணகத்தை, அதாவது விறைப்பைக் காட்டும் எண்ணை, ஒரு கணக்குக்காக 500 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 1.2 மீட்டர் ஆழத்துக்கு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. 10 மெகாபாஸ்கல் குணகமுள்ள உதிரி மண்ணை அப்படியே விட்டிருந்தால், அதே தோராயக் கணக்கில் 18 மில்லிமீட்டர் வந்திருக்கும். ஆகவே ‘கூழ் தாங்குமா?’ என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. சுமை நிரப்பியோடு நின்றுவிடாது. அதன் வழியாக இறங்கிக் குழியின் அடிமண்ணுக்குத்தான் போகிறது. ஃபுட்டிங்கின் அளவுக்கே குழி வெட்டி நிரப்பியிருந்தால், 150 கிலோபாஸ்கலும் பரவாமல் கீழே போகும். அதோடு, எடுத்த மண்ணைவிட ஊற்றிய நிரப்பி கனம் என்பதால், கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன் மண்ணை எடுத்து 21 கிலோநியூட்டன் நிரப்பியைப் போட்டோமானால், 1.2 மீட்டர் ஆழத்துக்கு இன்னும் 5 கிலோபாஸ்கல் கூடும். மொத்தம் 155. குழியை நான்கு பக்கமும் 20 சென்டிமீட்டர் விரித்து 2.4 மீட்டர் சதுரமாக்கினால், அதே சுமை 104 ஆகக் குறைந்து, கூடுதல் எடையையும் சேர்த்து 109 கிலோபாஸ்கல் வரும். அடியில் இருக்கும் மண் இந்த 155-ஐயோ 109-ஐயோ தாங்குமா, தாங்கினாலும் எத்தனை மில்லிமீட்டர் அமிழும் என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கேள்விக்குக் கலவை தயாரிப்பவரிடம் விடை இல்லை. மண் ஆய்வாளரிடம் இருக்கிறது. ஆழமில்லாத அஸ்திவாரம் இத்தகைய நிரப்பியின் மேல் உட்காரும்போது, ஏற்பளிக்கப்பட்ட மண் ஆய்வறிக்கையின்படியே நிரப்பி அமைய வேண்டும் என்று அமெரிக்காவில் பின்பற்றப்படும் கட்டட விதித்தொகுப்பான இன்டர்நேஷனல் பில்டிங் கோட் சொல்வதும் இதனால்தான். இடத்தைத் தயார் செய்வது, கலவையின் தன்மை, வலிமையைச் சோதிக்கும் முறை, களத்தில் ஏற்றுக்கொள்ளும் அளவுகோல், சோதனைகளின் எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் அந்த அறிக்கை சொல்லியாக வேண்டும்.

குழியை எவ்வளவு விரிப்பது என்பதிலும் இந்தப் பொருளுக்கு ஒரு நன்மை இருக்கிறது. திமிசு அடித்த மண்ணோ ஜல்லியோ என்றால், சுமை பக்கவாட்டில் பரவும் என்பதால் அந்தப் பரவல் முழுவதும் நல்ல நிரப்பிக்குள் அடங்கும்படி, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டரோ அதற்கும் மேலோ அகலப்படுத்த வேண்டியிருக்கும். சுவருக்கு அடியில் நீளமாக ஓடும், 1.2 மீட்டர் அகலமுள்ள தொடர் ஃபுட்டிங்குக்கு அடியில் ஒரு மீட்டர் தோண்டுவது என்றால், 2.2 மீட்டர் அகலத்துக்கு வெட்ட வேண்டும். இறுகிய நிரப்பியோ ஒரு கட்டியாக, ஃபுட்டிங்கின் தொடர்ச்சியைப் போலவே நடந்துகொள்வதால், அடிமண் முழு அழுத்தத்தையும் தாங்கும் பட்சத்தில், ஃபுட்டிங் அகலமும் விளிம்பில் கொஞ்சம் கூடுதலும் போதும். வெட்டும் மண் ஏறக்குறையப் பாதியாகிறது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சுவர் நின்றுகொண்டிருக்கும் குறுகலான மனையில் இது சிக்கனம் மட்டும் அல்ல. அகலமாக வெட்டவே முடியாத இடத்தில் வேலையை நடத்தித் தரும் வழியும் இதுதான்.

இதே குணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். கட்டிதானே என்று, மெல்லிய பரப்பாக அகலமாக ஊற்றிவிட்டால் சுமை முழுப் பரப்புக்கும் பரவிவிடும் என்று நம்புகிறார்கள். 40 சென்டிமீட்டர் கனத்தில் 4 மீட்டர் அகலத்துக்கு ஊற்றிவிட்டு, அடியில் வரும் அழுத்தத்தை 16 சதுர மீட்டரால் வகுத்துக் காட்டிய ஒரு கணக்குத்தாளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பொருளுக்கு இழுவிசை வலிமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உள்ளே கம்பியும் இல்லை. மென்மையான மண்ணின் மேல் அது வளைய நேர்ந்தால் ஃபுட்டிங் விளிம்பை ஒட்டி விரிசல் விட்டு, நடுத்துண்டு மட்டும் கீழே இறங்கும். விளிம்புக்கு வெளியே இரண்டு பங்கு ஆழத்துக்கு ஒரு பங்கு என்ற சரிவுக்கு மேல் நான் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். வேலைக்கு வந்த தொடக்கக் காலம். மாலையில் குழியைச் சுத்தம் செய்து, அடிமட்டத்தைக் கம்பியால் குத்திப் பார்த்து, கெட்டிக் களிமண் என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன். இரவில் மழை. காலையில் குழியில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. லாரியும் வந்து நின்றது. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். அடியில் மிஞ்சிய சேற்றை எடுக்க நேரமில்லை. ‘கலவை கனமானது, சேற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஊற்றச் சொன்னேன். சோதனைக்காக அதே கலவையில் வார்த்த உருளை மாதிரிகள் 28 நாளில் 1.3 மெகாபாஸ்கல் காட்டின. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. சில மாதங்கள் கழித்து அந்தத் தூணையும் பக்கத்துத் தூணையும் இணைத்த சுவரில் மூலைவிட்டமாக ஒரு மயிரிழை விரிசல் வந்தது. பிறகு அது அகலமானது. பக்கத்தில் குழி தோண்டி நிரப்பியின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். கல்லைப் போல இறுகிய நிரப்பி. அதன் அடியில் கெட்டிக் களிமண். இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் கனத்துக்கு, கையால் வழித்தெடுக்கக்கூடிய பழுப்புச் சேறு. கலவை சேற்றைத் தள்ளவில்லை. அதன் மேல் படுத்துக்கொண்டது. நிரப்பியின் வலிமையை மூன்று உருளைகளில் சோதித்த நான், அடிமண்ணை ஊற்றுவதற்கு முன் ஒரு முறைகூட மறுபடி பார்க்கவில்லை.

தண்ணீர் நிற்கும் குழியில் ஊற்றவே முடியாது என்பதில்லை. குழாயின் நுனியை அடியில் வைத்து, கலவைக்குள்ளேயே புதைந்திருக்கும்படி மெதுவாக உயர்த்தி, ஒரு மூலையிலிருந்து தண்ணீரை மறுமூலைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். அப்படிச் செய்தாலும் அடியில் ஊறிய சேறு தானாகப் போய்விடாது. மேலிருந்து சரிவுத் தகட்டில் நேராகத் தண்ணீருக்குள் கொட்டினால், இருக்கும் கொஞ்சம் சிமெண்டும் கழுவப்பட்டு, அடியில் வெறும் மணல் படியும்.

இரண்டாவது ஆபத்து விளிம்பில் இருக்கிறது. இதைப் பற்றி நான் பார்த்தவரை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு தொடர் ஃபுட்டிங்கில், நடுவே 3 மீட்டர் தூரத்துக்கு மட்டும் கெட்ட மண் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் பாறை மட்டம் வரை தோண்டி நிரப்பிவிட்டு, மிச்சத்தை நடுத்தரக் களிமண்ணின் மேலேயே விட்டால், களிமண்ணின் மேல் உள்ள பகுதி காலப்போக்கில் 15 மில்லிமீட்டர் இறங்கும். நடுவில் உள்ள மூன்று மீட்டர் இறங்கவே இறங்காது. கெட்ட மண்ணைச் சரிசெய்யப் போய், அந்த இடத்தை மற்ற இடங்களைவிடக் கெட்டியாக்கிவிட்டோம். விரிசல் இப்போது நல்ல மண்ணுக்கும் நிரப்பிக்கும் இடையிலான எல்லையில் வரும். இதைத் தவிர்க்க, நிரப்பியின் இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்டி, ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி செய்யலாம். ஃபுட்டிங்கின் மேல்கம்பியையும் கீழ்க்கம்பியையும் எல்லையைத் தாண்டி இரு பக்கமும் நீட்டலாம். மிச்ச மண் உண்மையிலேயே அதிகம் இறங்கக்கூடியது என்றால், திமிசு அடித்த மண்ணே இந்த இடத்துக்குப் பொருத்தம் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நான் மூன்றாவது முடிவை எடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

வலிமையைக் குறிப்பிடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குழாய்ப் பள்ளங்களுக்கு இதைப் பயன்படுத்துபவர்கள் வலிமை கூடிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார்கள். நாளைக்கு அந்தக் குழாயைத் தோண்டி எடுக்க வேண்டும். 0.3 மெகாபாஸ்கல் வரை இருந்தால் கடப்பாரை, மண்வெட்டியால் தோண்டலாம், 0.7 முதல் 1.4 வரை என்றால் இயந்திரம் வேண்டும், 2.1-ஐத் தாண்டினால் பின்னாளில் தோண்டும் எண்ணத்தைக் கைவிட்டுவிடலாம். அஸ்திவாரத்துக்கு அடியில் ஊற்றுபவருக்கு இந்த மேல்வரம்பு பெரிய பொருட்டல்ல, கீழ்வரம்புதான் முக்கியம். ஆனால் வரைபடத்தில் ‘ஃப்ளோவபிள் ஃபில்’ என்று இரண்டே சொற்களை எழுதி அனுப்பினால், கலவை தருபவர் தான் அன்றாடம் தரும் பள்ளம் மூடும் கலவையைத்தான் அனுப்புவார். அவர்மேல் குற்றமில்லை. ஒரு வேலையில் எனக்கு அப்படி வந்த கலவையின் மாதிரிகள் ஏழாம் நாள் அச்சிலிருந்து வெளியே எடுக்கும்போதே இரண்டாக உடைந்தன. 1 மெகாபாஸ்கல் வேண்டும் என்று என் கணக்குத்தாளில் இருந்தது, வரைபடத்தில் இல்லை.

மாதிரிகள் உடைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான்கிரீட்டுக்குப் பழகிய ஆய்வகம் இந்த உருளைகளைக் கான்கிரீட்டைப் போலவே கையாண்டால், வரும் எண்ணை நம்ப முடியாது. அச்சில் ஊற்றும்போது கம்பியால் குத்தக் கூடாது. மேலே நீர் பிரிந்து மட்டம் இறங்கினால், சிறிது நேரம் கழித்து அதே கலவையால் மேலே நிரப்ப வேண்டும். மறுநாளே அச்சைக் கழற்றக் கூடாது. லாரியிலோ பைக்கிலோ குலுக்கிக்கொண்டு போகக் கூடாது. அழுத்தும் இயந்திரமும் பெரிய சுமைகளுக்கானதாக இருந்தால், முள் அசைவதற்குள் உருளை நொறுங்கிவிடும். குறைந்தது இரண்டு நிமிடமாவது தாங்கி உடையும்படி மெதுவாகச் சுமை ஏற்ற வேண்டும். சாம்பல் அதிகமுள்ள கலவை 28 நாளுக்குப் பிறகும் மாதக்கணக்கில் வலிமை கூடிக்கொண்டே போகும். தோண்ட நினைப்பவருக்கு அது தலைவலி, நமக்கு அது இலாபம்.

களத்தில் செய்யும் சோதனைகள் இரண்டும் எனக்குப் பிடித்தவை. காரணம், அவற்றைக் கண்ணால் பார்க்க முடியும். முதலாவது பாயும் தன்மைக்கானது. 75 மில்லிமீட்டர் விட்டமும் 150 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, இரு பக்கமும் திறந்த ஒரு குழாய்த் துண்டை, மட்டமான பலகையின் மேல் நிறுத்திக் கலவையை நிரப்பி, நேராகத் தூக்குகிறோம். கலவை தோசை மாவைப் போல வட்டமாகப் பரவும். வட்டத்தின் விட்டம் 200 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது வட்டத்தின் விளிம்பை. நடுவில் மணல் குவிந்து, ஓரத்தில் தெளிந்த நீர் ஒரு வளையமாகப் பிரிந்து ஓடினால், அந்தக் கலவையில் தண்ணீர் அதிகம்; எவ்வளவு தூரம் பரவினாலும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இரண்டாவது, இறுகியதா என்று பார்க்கும் குண்டுச் சோதனை. ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ள, அரைக்கோள அடிப்பக்கம் கொண்ட ஓர் இரும்புக் குண்டை ஒரே இடத்தில் ஐந்து முறை போடுகிறோம்; விழும் உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. விழுந்த பள்ளத்தின் விட்டம் 75 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால், மேலே சுமை ஏற்றலாம். பள்ளத்தைச் சுற்றி ஈரப் பளபளப்பு ஏறி வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வந்தால் அடியில் இன்னும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. நடந்து பார்த்து, காலடி பதியவில்லை என்று மேஸ்திரி சொன்னால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவருடைய கால் சொல்வது மேல் இரண்டு அங்குலத்தைப் பற்றி மட்டும்.

தண்ணீர் வெளியேறுவது என்றதும், இதில் வரும் ஒரே உண்மையான சுருக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊற்றியவுடன் கனமான துகள்கள் கீழே அமர, நீர் மேலே வந்து நிற்கும். பக்கமண்ணும் கொஞ்சம் உறிஞ்சும். இதனால் தண்ணீர் அதிகமுள்ள கலவையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை மட்டம் இறங்கும். முதல் நாள் மாலையில் மட்டக்கோல் வைத்துச் சரியாக இருந்த பரப்பு, மறுநாள் காலையில் இரண்டு சென்டிமீட்டர் கீழே போயிருப்பதைப் பார்த்துப் பதறியவர்களை நான் அறிவேன். பதற வேண்டியதில்லை, இது இறுகுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் இறக்கம், இறுகிய பின் சொல்லத்தக்க அளவுக்குத் தொடராது. மேலே ஒரு மெல்லிய சமன்படுத்தும் கான்கிரீட்டைப் போட்டு ஃபுட்டிங்கைத் தொடங்கலாம். பொதுவாக மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் நடக்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது என்றாலும், பக்கமண் நீரை உறிஞ்சாத களிமண்ணாக இருந்தால் இன்னும் தாமதமாகும்.

இறுகும் வரை இது ஒரு திரவம் என்பதை மறந்ததால் வந்த சிக்கல்கள் தனிக்கதை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு 20 கிலோபாஸ்கல் என்ற கணக்கில் பக்கவாட்டு அழுத்தம் கூடும். ஒரு பழைய அடித்தளச் சுவரை ஒட்டி மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினால், சுவரின் அடியில் 60 கிலோபாஸ்கல். மண்ணின் அழுத்தத்துக்காகக் கட்டிய சுவர் இதைத் தாங்கும் என்று எண்ணுவது துணிச்சல். அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று அடுக்காக, முந்தைய அடுக்கு இறுகிய பின் ஊற்றுவதே வழி. குழிக்குள் காலியான குழாய் ஓடினால் அது மிதக்கும்: 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைக் கலவை மீட்டருக்கு ஏறத்தாழ 565 கிலோ விசையோடு மேலே தள்ளும். குழியின் ஓரத்தில் எலிவளை அளவுக்கு ஓட்டை இருந்தால் போதும், எங்கே போகிறது என்று தெரியாமல் இன்னொரு லாரிக் கலவை போகும். அது பக்கத்துச் சாக்கடைக் குழாய்க்குள் போகும் ஓட்டையாகவும் இருக்கலாம்.

எங்கே இதைப் பயன்படுத்த மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆழம் போகப் போகவும் மென்மையான களிமண்ணே இருக்கும் இடத்தில், மேல் ஒரு மீட்டரை மட்டும் எடுத்துக் கனமான நிரப்பியைப் போடுவது, நோயாளியின் முதுகில் மூட்டையை ஏற்றுவது போன்றது. அங்கே வேண்டுமானால் நுரை கலந்த இலேசான வகையை யோசிக்கலாம், அல்லது ஆழத்தில் உள்ள கெட்டி மண் வரை இறங்கும் தூண்களான பைல் போடலாம். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சிமெண்டைக் கெடுக்கும் சல்பேட் உப்பு அதிகம் இருந்தால், இவ்வளவு குறைந்த சிமெண்டும் இவ்வளவு நுண்துளைகளும் உள்ள பொருள் நீண்ட காலம் தாங்கும் என்று நான் கையெழுத்திட மாட்டேன். ஓடும் நீர் அரிக்கக்கூடிய கரையிலும் வேண்டாம். பிறகு, சின்னக் குழி ஒன்றுக்காக ஒரு லாரியை வரவழைப்பதைவிட, நாலு பேர் ஜல்லிக் கலவையைப் போட்டுத் திமிசு அடித்துவிட்டுப் போவது எளிது.

ஆனால் ஆழமான, குறுகலான குழிக்குள் ஆள் இறங்கித் திமிசு அடிக்க வேண்டியிருந்தால், நான் விலையைப் பார்ப்பதில்லை. சரியும் மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 டன். அந்தக் குழிக்குள் யாரும் இறங்காமலேயே வேலை முடிகிறது என்பது ஒன்றே எனக்குப் போதும்.

இப்போதெல்லாம் என் வரைபடத்தில் இந்த நிரப்பிக்கான குறிப்பு அரைப் பக்கத்துக்கு நீள்கிறது. 28 நாள் குறைந்தபட்ச வலிமை, பரவல் விட்டம், ஓர் அடுக்கின் உயரம், மாதிரிகளின் எண்ணிக்கையும் அவற்றைக் கையாளும் விதமும், குண்டுச் சோதனை முடியும்வரை கம்பி கட்டத் தொடங்கக் கூடாது என்பது, முனைகளைப் படியாக வெட்ட வேண்டிய இடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் மேலே, முதல் வரியாக, லாரி தளத்துக்குள் நுழைவதற்கு முன், அன்றைய தேதியோடு குழியின் அடிமண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுகிறேன். படத்தில் தண்ணீர் மினுங்கினால், லாரியைத் திருப்பி அனுப்பும் செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள்.